பூக்களை நெருங்கிப் படமெடுக்க ஃபோக்கஸ் ஸ்டாக்கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிராவும் பூவும் அசையாமல் இருக்க, ஃபோக்கஸை மட்டும் முன்னிருந்து பின்னுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறோம். ஒவ்வொரு படத்திலும் தெளிவாக விழுந்த பகுதியை மென்பொருள் பொறுக்கி ஒரே படமாகச் சேர்க்கிறது. இதுதான் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங். சிங்கப்பூரில் வீட்டுத் தாழ்வாரத் தொட்டிகளையும் பூமலை எனும் தாவரவியல் தோட்டத்தையும் தேக்கா வட்டாரத்தில் வாங்கிய பூச்சரங்களையும் படமெடுப்பவர்களுக்கு எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/22-க்கு மூடி ஒரே படமாக எடுத்தால் போதாதா?

போதாது. பூவை நெருங்க நெருங்கப் புல ஆழம், அதாவது படத்தில் தெளிவாக விழும் முன்பின் தூரம், சுருங்கிவிடும். பூவும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவில் இருப்பதை முழு அளவு, அதாவது 1 மடங்கு என்கிறோம். ஃபுல் ஃபிரேம் காமிராவில் அந்த உருப்பெருக்கத்தில் எஃப்/8-க்குக் கிடைக்கும் புல ஆழம் சுமார் 1 மி.மீ.தான். மல்லிகை இதழின் சுருண்ட விளிம்புக்குக்கூட அது காணாது.

அபெர்ச்சரை இன்னும் மூடினால் ஆழம் கூடும், ஆனால் சிறு துளையில் நுழையும் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மசமசப்பாகிவிடும். நெருக்கத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பு, ஏனென்றால் லென்ஸில் வைக்கும் எண்ணை (1 + உருப்பெருக்கம்)-ஆல் பெருக்கினால் வருவதுதான் உண்மையில் வேலைசெய்யும் அபெர்ச்சர். முழு அளவில் எஃப்/8 வைத்தால் அது எஃப்/16 போலவும், எஃப்/22 வைத்தால் எஃப்/44 போலவும் நடந்துகொள்ளும். அதனால் ஸ்டாக்குக்கு எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைப்பது வழக்கம்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் மேக்ரோ லென்ஸை மாட்டினால் காமிரா காட்டும் எண்ணே பெருக்கப்பட்ட எண்தான். முழு அளவில் திரையில் எஃப்/16 என்று வந்தால் நாம் இங்கே சொல்லும் எஃப்/8-ஐ ஒட்டித்தான் இருக்கிறீர்கள், பயந்து திறக்க வேண்டாம்.

ஒரு பூவுக்கு எத்தனை படம் எடுக்க வேண்டும்?

குத்துமதிப்பாக எடுக்காமல் கணக்குப் போடுங்கள், ஒரு நிமிட வேலை. ஃபுல் ஃபிரேமில் எஃப்/8-க்குப் புல ஆழம் கால் மடங்கில் சுமார் 9.6 மி.மீ., அரை மடங்கில் 2.9 மி.மீ., 1 மடங்கில் 0.96 மி.மீ. வரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் இதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த படங்களின் தெளிவான பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று 30 சதவீதமாவது ஏறி நிற்க வேண்டும். அதனால் ஒரு தடவை நகர்த்தும் தூரம் புல ஆழத்தில் 70 சதவீதம்.

வாண்டா மிஸ் ஜோவாக்கிம் ஆர்க்கிட்டையே எடுத்துக்கொள்வோம். 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ அது. குறுக்களவு சுமார் 5 செ.மீ. இருப்பதால் சட்டத்தை நிறைக்க ஏறத்தாழ அரை மடங்கு வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கீழுதட்டிலிருந்து பின்னிதழ் நுனிவரை 24 மி.மீ. ஆழம் என்று அளந்தீர்கள் என்றால், 2 மி.மீ. நகர்வில் 12 படம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு உபரி சேர்த்து 16. அந்த நான்கு உபரிப் படங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டாக் கெட்டுப்போக அடிக்கடி காரணமாவது முதல் படம் கீழுதட்டின் நுனிக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கியதுதான்.

செம்பருத்தியில் கோணத்தை மாற்றினாலே எண்ணிக்கை சரியும். நடுத்தண்டை அரை மடங்கில் நேர் எதிரே நின்று எடுத்தால், நுனியில் ஐந்து குமிழாக நிற்கும் சூலகமுடியிலிருந்து பூவின் தொண்டைவரை 7, 8 செ.மீ. ஆழம் இருக்கும், 40 படம் பிடிக்கும். அதே தண்டைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் மகரந்தப்பைகளின் பரப்பு 2 செ.மீ.க்குள் அடங்கும், 10 முதல் 14 படத்தில் முடிந்துவிடும்.

சுவரில் மாட்டும் பெரிய பிரிண்ட் வேண்டும், அல்லது சென்சார் 45 மெகாபிக்சலுக்கு மேல் என்றால் நகர்வைப் பாதியாக்குங்கள்.

காமிராவே ஃபோக்கஸை நகர்த்தி எடுக்கும் 'பிராக்கெட்டிங்' மெனுவில் 'ஸ்டெப்' 1 முதல் 10 வரை என்று மட்டும் இருக்கிறது. அது எத்தனை மி.மீ.?

கேனன், நிக்கான் மெனுக்களில் இந்தச் சிக்கல் உண்டு. அந்த எண் மி.மீ. கணக்கு இல்லை. அபெர்ச்சரும் தூரமும் மாறினால் நகர்வும் மாறும். ஒருமுறை அளந்து தாளில் குறித்து வைத்துக்கொள்வதே வழி.

மி.மீ. கோடு போட்ட அளவுகோலை லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில் எஃப்/8, ஸ்டெப் 4, 10 படம். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் எந்தக் கோடு மிகக் கூர்மையாக இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அளவுகோலில் 28 மி.மீ. இருந்தால், அளவுகோல் சாய்ந்திருப்பதால் அதை 0.7-ஆல் பெருக்க வேண்டும்: ஆழத்தில் சுமார் 20 மி.மீ. பத்துப் படத்துக்கு நடுவே ஒன்பது இடைவெளி, ஆக ஸ்டெப் 4-இல் ஒரு நகர்வு 2.2 மி.மீ. மேலே பார்த்த ஆர்க்கிட்டுக்கு அது சற்று அதிகம், ஸ்டெப் 3 வைத்தால் சரியாக இருக்கும். கால், அரை, முழு அளவு மூன்றுக்கும் இப்படி அளந்து ஒரு சீட்டில் எழுதிக் காமிராப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கேனன், நிக்கான் ஆகியவற்றின் பிராக்கெட்டிங் நீங்கள் ஃபோக்கஸ் வைத்த இடத்திலிருந்து பின்னோக்கித்தான் போகும். அதனால் தொடக்கப் புள்ளியைப் பூவின் மிக அருகிலுள்ள நுனிக்கும் ஒரு மயிரிழை முன்னால் வையுங்கள். ஒலிம்பஸ், ஓஎம் காமிராக்களில் உள்ளுக்குள்ளேயே சேர்த்துத் தரும் 'ஸ்டாக்கிங்' வேறு விதம். அது தொடக்கப் புள்ளிக்கு முன்னாலும் சில படங்கள் எடுக்கும், அங்கே நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

காமிராவில் அந்த வசதியே இல்லையே?

கவலை இல்லை. லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தைக் கையால் திருப்பலாம், அல்லது காமிராவையே தண்டவாளம் போன்ற மேக்ரோ ரெயிலில் வைத்து நகர்த்தலாம். முழு அளவுக்குக் கீழே வளையம்தான் நல்லது. ரெயிலில் போனால் காமிரா இடம் மாறுவதால் முன்னிதழுக்கும் பின்னிதழுக்கும் இடையே பார்வைக்கோணம் மாறி, சேர்க்கும்போது ஓரங்கள் பொருந்தாமல் போகும். முழு அளவுக்கு மேலே போனால் வளையத்தைத் தொடும் விரலின் அசைவே அரை மி.மீ.யைத் தாண்டிவிடும், அங்கே ரெயில்தான்.

வளையத்தின்மேல் ஒரு காகித நாடாவை ஒட்டிப் பேனாவால் கோடுகள் போட்டுக்கொண்டால் ஒரே சீராக நகர்த்தலாம். ரெயில் வாங்கியவர்கள் குமிழைப் பத்துச் சுற்றுச் சுற்றி மேடை எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். திசையை நடுவில் மாற்றாதீர்கள். மலிவான ரெயில்களில் திருப்பும்போது பல்லிடுக்கில் ஒரு வெற்றுச் சுற்று போகும், அங்கேதான் ஸ்டாக்கில் ஓட்டை விழும்.

எந்த லென்ஸ்?

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ. முழு அளவிலும் லென்ஸின் முன்பக்கத்துக்கும் பூவுக்கும் நடுவே 13, 14 செ.மீ. கிடைக்கும், விளக்கு வைக்க இடம் இருக்கும். பணம் போட மனமில்லையென்றால் 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினாலே அரை மடங்கு வரும். காமிராவே ஃபோக்கஸை நகர்த்த வேண்டும் என்றால் மின் இணைப்புள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எப்படி அமைப்பது?

சாப்பாட்டு மேசை போதும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், ஏர்கானையும்தான். காற்று நின்றபின்னும் பூக்காம்பு ஆடி அடங்க ஒரு நிமிடம் ஆகும்.

காம்பைச் சீசாவில் சும்மா நிறுத்தினால் அது மெல்லச் சுழலும். பூவுக்குக் கீழே 2 செ.மீ. தள்ளி ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து, கிளிப்பைக் கனமான ஏதாவது ஒன்றோடு கட்டிவிடுங்கள். முக்காலியைத் தரையில் நிறுத்துவதைவிட மேசைமேலேயே சிறிய முக்காலியில் காமிராவை வைப்பது மேல். பூவும் காமிராவும் ஒரே பரப்பில் நின்றால் யாராவது நடந்தாலும் இரண்டும் சேர்ந்தே அதிரும்.

அமைப்புகள்: மேனுவல் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ 100 அல்லது 200, ஒயிட் பேலன்ஸ் நிலையான எண்ணில், கையால் நகர்த்தினால் ஆட்டோ ஃபோக்கஸ் நிறுத்தம் (கேனன், நிக்கான் பிராக்கெட்டிங்குக்கு மட்டும் ஆட்டோ ஃபோக்கஸ் இயக்கத்திலேயே இருக்க வேண்டும்), முக்காலியில் அதிர்வுக் கட்டுப்பாடு நிறுத்தம், ரா கோப்பு. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே 2 நொடி. ஃபிளாஷ் என்றால் 3 நொடி விட்டு, சக்தியை எட்டில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். ஃபிளாஷ் நிரம்புவதற்குள் ஷட்டர் திறந்தால் அந்த ஒரு படம் மட்டும் இருண்டு, சேர்ப்பில் கறையாக நிற்கும்.

எல்இடி விளக்கில் படத்தில் குறுக்குக் கோடுகள் வருகின்றனவே?

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அந்த மினுக்கல் பட்டைகளாகப் பதிந்துவிடும். ஷட்டரை 1/50, 1/25 என்று வையுங்கள், அல்லது இன்னும் மெதுவாக. முக்காலியில் இருக்கும்போது அதனால் நட்டமில்லை.

ஜன்னல் வெளிச்சம் அழகுதான். ஆனால் இங்கே மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், 16 படம் முடிவதற்குள் வெளிச்சம் இரண்டு தடவை மாறிவிடும். மென்பொருளில் பிரகாசத்தைச் சமப்படுத்தும் வசதி சின்ன மாற்றங்களைச் சரிசெய்யும், வெயில் பளிச்சென்று அடித்துப் போனதைச் சரிசெய்யாது.

சிவப்புச் செம்பருத்தியில் மட்டும் இதழ் திட்டுத் திட்டாக வருவது ஏன்?

இது ஃபோக்கஸ் கோளாறு போலத் தெரியும், வேர் எக்ஸ்போஷரில் இருக்கிறது. சிவப்புப் பூவில் மொத்த ஹிஸ்டோகிராம் (பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடம்) நல்லபடியாக இருக்கும்போதே சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த இடத்தில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை, வெறும் வண்ணப்பூச்சு. எந்தப் படத்தில் அந்த இடம் தெளிவாக இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிப்பது நுண்விவரத்தை ஒப்பிட்டுத்தான். விவரமே இல்லாத இடத்தில் அது கண்ணைக் கட்டிக்கொண்டு பொறுக்கும், திட்டுகள் அப்படி வருபவைதான்.

மூன்று வண்ண ஹிஸ்டோகிராமைத் திறந்துவைத்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாமல் விலகும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். முக்கால் ஸ்டாப் அளவில் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் இதழின் வரிகள் எழுந்து நிற்கும், மென்பொருளுக்கும் பிடி கிடைக்கும். மல்லிகை வெள்ளைக்கும் இதே மருந்து.

ஆர்க்கிட்டில் வேறொரு தொல்லை. இதழின் மேல்தோல் செல்கள் சிறு வெளிச்சப் புள்ளியில் சர்க்கரைத் தூள் போல மின்னும். ரெயிலில் காமிரா நகரும்போது மின்னும் இடங்களும் மாறுவதால் சேர்ப்பில் அழுக்கு மணல் தூவியது போல் தெரியும். விளக்குக்கும் பூவுக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் ஒன்றைக் கட்டிவிட்டால் போதும்.

பூமலையில், தாழ்வாரத்தில், வெளிக்காற்றில் ஸ்டாக் எடுக்க முடியுமா?

முடியும், காலையில் சீக்கிரம் போனால். இங்கே சூரியன் எழுவது 7 மணியை ஒட்டி. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். பூமலை விடிகாலை 5 மணிக்கே திறந்துவிடும், உள்ளே கட்டணமுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு 8.30 ஆகும். மிஸ் ஜோவாக்கிம் நல்ல வெயிலில் நெட்டையாக வளரும் கொடி, உச்சியிலிருக்கும் பூ லேசான காற்றுக்கே தலையாட்டும். கீழே, கம்பத்தை ஒட்டியிருக்கும் கொத்தைத் தேடுங்கள்.

வெளியில் எண்ணிக்கையைக் குறைத்து, படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அளவைக் கூட்டுவது நல்லது. முழுப் பூவையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் 8 படத்தில் எடுங்கள், ஆனால் நகர்வைப் புல ஆழத்தில் பாதியாக வையுங்கள். காற்றில் ஆடிய ஒரு படத்தைப் பிறகு தூக்கி எறிந்தாலும் பக்கத்துப் படங்கள் இரண்டும் தொட்டுக்கொண்டே நிற்கும், ஓட்டை விழாது. ஒரே ஸ்டாக்கை மூன்று தடவை திரும்ப எடுங்கள். பூங்காப் பூவைப் பறிப்பதோ, பிடிப்புக்காகக் கம்பி கட்டுவதோ கூடாது. பறிப்பது சட்டப்படி குற்றம்.

தேக்காவில் வாங்கிய மல்லிகை ஸ்டாக்கில் மட்டும் இதழ் இரட்டையாக விழுகிறது. காரணம்?

பூ மலர்ந்துகொண்டிருக்கிறது. மல்லிகை மொட்டு மாலை மயங்கும் நேரத்தில்தான் அவிழும். அந்த வேளையில் ஐந்து நிமிடத்தில் இதழ் நகர்வது படத்தில் தெரிந்துவிடும். பஃபலோ ரோட்டிலோ கேம்பல் லேனிலோ காலையில் வாங்கிய மொட்டை மதியத்துக்குள் மொட்டாகவே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரவு முழுதாக விரிந்தபின் எடுங்கள். நடுவேளை வேண்டாம். செம்பருத்திக்கும் இதே கணக்கு. ஒருநாள் பூ அது, காலை பத்து மணிக்கு நன்றாக விரிந்து நிலைத்தபின் எடுத்தால் பிழைப்பீர்கள், மாலையில் சுருளத் தொடங்கும். எந்தப் பூவானாலும் ஒரு ஸ்டாக்கை மூன்று நிமிடத்துக்குள் முடிப்பதைப் பழக்கமாக்குங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பூ அறைச்சூட்டுக்கு வரும்வரை அசையும், அரை மணி நேரம் விடுங்கள்.

லென்ஸில் ஆவி படிந்துவிடுகிறது.

ஏர்கான் அறையிலிருந்து தாழ்வாரத்துக்குக் காமிராவைக் கொண்டுபோனால் அப்படித்தான். வெளிக்காற்று 24 டிகிரியை ஒட்டியே பனிபடும் ஈரத்தில் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த கண்ணாடி எதுவானாலும் வியர்க்கும். கரையோரப் பூந்தோட்டத்துக் குளிர்மாடங்களிலிருந்து வெளியே வரும்போதும் இதைப் பார்க்கலாம். குளிர்ந்த இடத்திலேயே காமிராவை ஜிப் பையில் மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். துடைக்காதீர்கள், ஸ்டாக் நடுவே மறுபடியும் படியும். வீட்டில் லென்ஸை 40 முதல் 50 சதவீத ஈரப்பதமுள்ள டிரை கேபினட்டில் வையுங்கள். இங்கத்திய ஈரத்துக்கு அலமாரியில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை நிச்சயம்.

எந்த மென்பொருள், எந்த முறை?

ஃபோட்டோஷாப் ஏற்கெனவே இருந்தால் அதில் தொடங்குங்கள்: எல்லாப் படங்களையும் லேயர்களாகத் திறந்து, ஆட்டோ அலைன், பிறகு ஆட்டோ பிளெண்டில் 'ஸ்டாக் இமேஜஸ்'. 15 படம்வரை பரவாயில்லை. தொடர்ந்து செய்பவர்கள் ஹெலிகான் ஃபோக்கஸ் அல்லது ஸிரீன் ஸ்டாக்கருக்குப் போவார்கள். இலவசம் வேண்டுமென்றால் ஹியூகினோடு வரும் அலைன் கருவியும் என்ஃப்யூஸும் இருக்கின்றன. என்ஃப்யூஸில் எக்ஸ்போஷர், சாச்சுரேஷன் எடைகளைப் பூஜ்யமாக்கி, கான்ட்ராஸ்ட் எடையை 1 ஆக்கி, ஹார்டு மாஸ்க்கை இயக்க வேண்டும்.

முறைகள் அடிப்படையில் இரண்டு. ஆழ வரைபடம் போடும் முறை (ஸிரீனில் டிமேப், ஹெலிகானில் பி) இதழின் மென்மையையும் நிறத்தையும் காப்பாற்றும், ஆனால் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய மகரந்தத்தாள்களில் தடுமாறும். பிரமிட் முறை (ஸிரீனில் பிமேக்ஸ், ஹெலிகானில் சி) தாள்களையும் ரோமங்களையும் அருமையாகப் பிரிக்கும், ஆனால் இரைச்சலையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றிவிடும், இதழ் பிளாஸ்டிக் போல் ஆகும். பூவுக்கு இரண்டையும் ஓட்டி, முதல் முறையில் வந்த படத்தை அடியில் வைத்து, தாள்கள் இருக்கும் இடத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து தூரிகையால் எடுத்துப் பூசுவதே சிறந்தது. ஒரே பொத்தானில் முடியும் என்று விற்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

ரா கோப்புகளை மாற்றும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு, ஷார்ப்பனிங் பூஜ்யம். 24 மெகாபிக்சல் படம் 16-பிட் டிஃப்பாக ஒவ்வொன்றும் 144 எம்பி. 30 படத்துக்கு 4 ஜிபிக்கு மேல் இடம் பார்த்துவையுங்கள்.

இதழ் ஓரங்களில் வெண்புகை போல் ஒரு வளையம் நிற்கிறது. எப்படிப் போக்குவது?

பின்னிதழுக்கு ஃபோக்கஸ் வைக்கும்போது முன்னிதழ் மங்கி விரிந்து, பின்னிதழின் ஓரத்தை மறைத்துவிடுகிறது. அந்த ஓரம் எந்தப் படத்திலும் தெளிவாகப் பதியவே இல்லை, ஆகவே மென்பொருளிடம் கொடுக்க எதுவும் இல்லை. அபெர்ச்சரை எஃப்/11-க்கு மூடினால் வளையம் சுருங்கும், சிறு கூர்மையிழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். கோணத்தை மாற்றி முன்னிதழும் பின்னிதழும் நெடுந்தூரம் விலகாமல் பார்ப்பது அதைவிட நல்ல வழி. மிஞ்சியதை ஒரே மூலப்படத்திலிருந்து தூரிகையால் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டை பட்டையாக மங்கல், வரிசையாகக் கரும்புள்ளிகள்: இவை என்ன?

தெளிவு, மங்கல், தெளிவு என்று இதழின் குறுக்கே பட்டைகள் ஓடினால் நகர்வு அதிகம், படங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. மென்பொருளில் இதற்கு மருந்தில்லை, மறுபடி எடுக்க வேண்டும். எறும்பு ஊர்ந்தது போல் கரும்புள்ளிகள் ஒரே திசையில் வரிசையாக நின்றால் அது சென்சார்த் தூசி. ஒவ்வொரு படத்தையும் சற்றுப் பெரிதாக்கிப் பொருத்தும்போது ஒரே தூசி இடம் மாறி மாறிப் பதிகிறது. ஒரு தூசி 30 புள்ளியாகும், முன்கூட்டியே சென்சாரைச் சுத்தம் செய்வது மலிவு.

பின்னணியும் சேர்ந்து தெளிவாகி அசிங்கமாக இருக்கிறதே?

கடைசி இதழின் நுனியோடு நிறுத்துங்கள். பிராக்கெட்டிங்கில் 100 படம் என்று வைத்துவிட்டால் காமிரா சுவரின் சுண்ணாம்புவரை போய்விடும், அந்தப் படங்களைச் சேர்ப்பில் கொடுக்கவே வேண்டாம். பின்னிதழையும் மங்கலாக விடலாம். சூலகமுடியும் மகரந்தமும் தெளிவாக, மற்றவை கரைந்து போகும் 6 பட ஸ்டாக், அச்சில் வைத்த மாதிரி எல்லாம் தெரியும் 60 பட ஸ்டாக்கைவிடப் பூவாகத் தெரியும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பனித்துளி வேண்டும், ஆனால் ஸ்டாக் முடிவதற்குள் உருண்டுவிடுகிறது.

கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து, சின்ன சிரிஞ்சால் வையுங்கள். தண்ணீர்த்துளியைப் போல் உலராது, சரியாது. வைத்தபின் ஒரு நிமிடம் பொறுங்கள், துளியின் எடைக்கு இதழ் இறங்கி நிற்கும். துளிக்குள் தலைகீழாகத் தெரியும் பின்னணிக்கும் துளியின் மேல்தோலுக்கும் ஃபோக்கஸ் வேறு வேறு, அதனால் துளி இருக்கும் இடத்தில் மட்டும் நகர்வைப் பாதியாக்கி ஐந்தாறு படம் கூட எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் பூவைத் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள், இனிப்புக்கு எறும்பு வரும்.